கொல்லர் ஆயிரம் பேர்

கேள்வி: எங்கள் ஊர்க் கோயில் திருவிழாப் பட்டிமன்றத்தில் ஒரு பேச்சாளர், ‘கண்ணகி மதுரையை எரித்தது பயங்கரவாதம்’ என்றார். பாண்டியன் செய்த தப்புக்கு ஊரிலுள்ள அப்பாவிகள் ஏன் சாகவேண்டும்? சிலப்பதிகாரம் வன்முறையைப் புனிதமாக்குகிறதா?
– ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: பட்டிமன்றம் இன்னும் நடக்கிறதா! ஓர் அணி கண்ணகியைத் தூக்கும், மறு அணி மாதவியைத் தூக்கும், கோப்பெருந்தேவிக்குப் பேச ஆள் கிடைக்காது. நடுவர் இரண்டு மாமியார் ஜோக், ஒரு சினிமாப் பாட்டு, நேரமிருந்தால் ஒரு குறள் என்று ஒப்பேற்றிவிட்டு, ‘இருவருமே உயர்ந்தவர்கள்’ என்று முடித்து, பொன்னாடையைப் பையில் திணித்துக்கொண்டு கடைசி பஸ்ஸைப் பிடிப்பார். தவறான தீர்ப்புச் சொன்னதற்காகப் பாண்டியன் உயிரையே விட்டான். இவர்கள் தீர்ப்பே சொல்லாமல் சால்வை வாங்குகிறார்கள். எனக்கு இவர்களோடு பழைய கணக்கு ஒன்று உண்டு; இந்த இதழில் இடம் போதாது.

‘அப்பாவிகள்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு வருகிறேன். மதுரைத் தீக்காவது ஒரு விலக்குப் பட்டியல் இருக்கிறது. ‘பார்ப்பார் அறவோர் பசுப் பத்தினிப் பெண்டிர் மூத்தோர் குழவி எனுமிவரைக் கைவிட்டுத் தீத்திறத்தார் பக்கமே சேர்க’ என்று கண்ணகியே தீக்கடவுளுக்கு உத்தரவு போடுகிறாள். பட்டியலில் உங்களுக்கும் எனக்கும் குறை இருக்கலாம். ஆனாலும் யாரை விடவேண்டும் என்ற யோசனை அந்த ஆத்திரத்திலும் அவளுக்கு இருந்தது. அதே காப்பியத்தில் எந்த விலக்கும் இல்லாமல் செத்த அப்பாவிகள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காக எந்த மேடையிலும் யாரும் தொண்டையைக் கனைத்ததாகத் தெரியவில்லை.

நூலின் வாசலிலேயே, உரைபெறு கட்டுரை என்ற முன்னுரைப் பகுதியில், செய்தி இருக்கிறது. தப்புத் தீர்ப்புச் சொன்ன நெடுஞ்செழியன் இறந்தபின் பாண்டிய நாட்டில் மழை இல்லை, வறுமை, வெப்புநோயும் குருவும் (கொப்புள நோய்) தொடர்கின்றன. கொற்கையில் இருந்த பாண்டியன் வெற்றிவேற்செழியன் ‘பொற்கொல்லர் ஆயிரவரைக் கொன்று களவேள்வியால் விழவொடு சாந்தி செய்ய’, மழை கொட்டுகிறது. ஏதோ ஏடெழுதியவர் கைப்பிழை என்று தள்ளவும் வழியில்லை. வஞ்சிக் காண்டத்தில், நீர்ப்படைக் காதையில் மாடலன் என்ற மறையோன் மறுபடி சொல்கிறான்: ‘ஈரைஞ்ஞூற்றுவர்’, அதாவது ஆயிரம் பேர், ஒரே பகலில், உயிர்ப்பலி. உரைபெறு கட்டுரையும் வஞ்சிக் காண்டமும் பிற்சேர்க்கை என்று வாதிடும் அறிஞர்கள் உண்டு. இருக்கட்டும். சேர்த்தவர் யாரானாலும், இந்த இடத்தில் அவருக்கு எழுத்தாணி நடுங்கவில்லை.

கோவலன் கொலை எப்படி நடந்தது என்று கொலைக்களக் காதையில் படியுங்கள். இவ்வளவு துல்லியமான விசாரணை அறிக்கையை இன்றைய கமிஷன்கள்கூடத் தருவதில்லை. ஆடல் மகளிரைப் பார்த்து ரசித்த அரசனோடு ஊடி, தலைவலி என்று சாக்குச் சொல்லிவிட்டுக் கோப்பெருந்தேவி எழுந்து போகிறாள். சமாதானம் செய்யப் போகும் அவசரத்தில் இருக்கும் அரசனை வாயிலில் மடக்கி, ராணியின் சிலம்பைத் திருடியவன் கோவலன் என்கிறான் பொற்கொல்லன். நின்று விசாரிக்க நேரமில்லை. ‘கொன்று அச்சிலம்பு கொணர்க’. ஆனால் போன காவலர்கள் உடனே வெட்டிவிடவில்லை. கோவலன் முகத்தைப் பார்த்துவிட்டு, ‘கொலைப்படு மகனலன்’ என்று தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தை உடைக்கத்தான் கொல்லன் பாடம் எடுக்கிறான். கள்வருக்குத் துணை எட்டு: மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி. ஆள் சாதுவாகத் தெரிகிறானே என்றால் அதுவே மருந்தின் வேலை, மந்திரத்தின் வேலை என்று ஆகிவிடுகிறது. இந்தத் தர்க்கத்திலிருந்து எந்த நிரபராதியும் தப்பமுடியாது. மழைநாள் நள்ளிரவில் உளியோடு வந்த ஒரு திருடனைப் பற்றி இளைஞன் ஒருவன் தன் பங்குக்குக் கதை சொல்கிறான். பேச்சு நீள்கிறது. கடைசியில் ‘கல்லாக் களிமகன் ஒருவன்’ வாளை வீசிவிடுகிறான்.

ஆக, குற்றத்தில் பங்கு யார் யாருக்கு? விசாரிக்காத அரசன், பொய் சொன்ன கொல்லன், குடித்திருந்த காவலன், வேடிக்கை பார்த்த மற்ற காவலர்கள். சிலம்பை உடைத்துப் பரல் முத்தா மாணிக்கமா என்று பார்த்திருந்தால் ஒரு நிமிட வேலை. அதைப் பிணம் விழுந்த பிறகு செய்தார்கள். கோவலன் முதன்முதலில் அந்தக் கொல்லனைப் பார்க்கும்போது அவன் பின்னால் நூறு கொல்லர்கள் வருகிறார்கள். அந்த நூறு பேருக்கு விஷயம் தெரியும் என்றுகூடக் காப்பியம் சொல்லவில்லை. பிறகு எங்கிருந்து வந்தது ஆயிரம்? பெயரில்லாத ஒருவன் செய்த பொய்க்கு அவன் தொழில் பார்த்தவர்கள் எல்லாரும் கணக்குத் தீர்த்திருக்கிறார்கள். உத்தரவு போட்ட அரசனுக்கோ, வாழ்த்துக் காதையில் கண்ணகியே நற்சான்றிதழ் தருகிறாள்: ‘தென்னவன் தீதிலன்’. தேவர்கோன் மாளிகையில் அவன் நல்விருந்தாம். இவள் அவனுக்கு மகளாம். அரண்மனைப் பக்கம் மன்னிப்பு தாராளமாகப் போயிருக்கிறது. பட்டறைப் பக்கம் வரவே இல்லை.

இந்த மாடலனைக் கொஞ்சம் கவனியுங்கள். கோவலன் கதையைப் புகாரில் போய்ச் சொன்னவன் அவன். கேட்ட கோவலன் தாய் இறந்தாள், கண்ணகி தாய் இறந்தாள். தன் சொல்லால் உயிர்கள் போயினவே என்று, அந்தப் பாவத்தைக் கழுவக் கங்கைக்கே போகிறான். அவ்வளவு நுட்பமான மனசாட்சி! அந்தக் கங்கைக் கரையில்தான் சேரன் செங்குட்டுவனிடம் ஆயிரம் கொல்லர் பலியைச் சொல்கிறான், சந்தை நிலவரம் சொல்வதுபோல. சோழன் எப்படி இருக்கிறான் என்று அடுத்த கேள்வி வருகிறது. ஒரு புறாவுக்காகத் தன் உடம்பை அரிந்து கொடுத்தவன் வழிவந்த செங்கோலுக்குத் தீங்கு வருமா என்று பதில். புறா ஒன்று, கொல்லர் ஆயிரம். நடுவே இருப்பது சில அடிகள். உடனே செங்குட்டுவன் தன் எடைக்கு எடை, ஐம்பது துலாம் பொன்னை, மாடலனுக்குத் தானம் செய்கிறான். பொன்!

இளங்கோ வேண்டுமென்றே இப்படி அடுக்கிக் குத்திக் காட்டுகிறார் என்று நம்ப எனக்கு ஆசை. நடுகற் காதையில் இதே மாடலன், ஆட்சிக்கு வந்து ஐம்பது ஆண்டாகியும் அறக்கள வேள்வி செய்யாமல் மறக்கள வேள்வியே செய்கிறாயே என்று செங்குட்டுவனை முகத்துக்கு நேரே கண்டிப்பதையும் துணைக்கு அழைக்கலாம். ஆனால் அங்கும் கொற்கையைப் பற்றி மூச்சு இல்லை.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பலி தேவையே இல்லை என்பதற்கான சான்றும் உரைபெறு கட்டுரையிலேயே இருக்கிறது. கொங்கு நாட்டுக் கொங்கிளங்கோசர் கண்ணகிக்கு விழவொடு சாந்தி செய்தார்கள். அவர்கள் நாட்டில் மழை தவறவில்லை. இலங்கை மன்னன் கயவாகு அவளுக்குக் கோட்டம் எடுத்து ஆடி மாதத்தில் விழாக் கொண்டாடினான், விளைச்சல் பொய்க்கவில்லை. இரண்டு இடத்திலும் ஒரு கொல்லனைத் தொட்டதாகச் செய்தி இல்லை.

ஊழ்வினை என்று யாராவது ஆரம்பிப்பார்கள், தெரியும். கோவலனுக்கு அந்தக் கணக்கை மதுராபதித் தெய்வமே எழுதிக் காட்டுகிறது: போன பிறவியில் அவன் சிங்கபுரத்து அரசனிடம் வேலை பார்த்த பரதன், நகை விற்க வந்த சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்லவைத்தான். பொருத்தமான கணக்குதான், ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் கொற்கையில் செத்தவர்களுக்கும் ஆயிரம் முற்பிறப்புக் கதை வேண்டுமே? ஒன்றுகூட இல்லை.

பயங்கரவாதம் என்ற சொல்லை உங்கள் பேச்சாளர் வீணாக்கவேண்டாம். வெற்றிவேற்செழியனுக்கு எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.