யூத டே ஸ்கூல்ல 6, 7, 8-ம் வகுப்புப் பசங்க என்னதான் படிப்பாங்க?

அமெரிக்காவுல இருக்கிற யூத டே ஸ்கூல்ல மதப்பாடம் மட்டும்தானா, கணக்கு சயின்ஸ் எல்லாம் கிடையாதான்னு கேட்டிருந்தீங்க. ரெண்டுமே உண்டுங்க. மேத்ஸ், சயின்ஸ், இங்கிலீஷ், சோஷியல் எல்லாம் மத்த ஸ்கூல் மாதிரிதான். அதோட ஹீப்ரு மொழி, தோரா (யூதர்களோட புனித நூல்), யூத வரலாறு, பிரார்த்தனை எல்லாத்தையும் அதே நாளுக்குள்ள முடிக்கணும், அதனால ஸ்கூல் நேரம் கொஞ்சம் நீளம், வெள்ளிக்கிழமை மட்டும் சாயங்காலம் சபாத் (யூதர்களோட வார ஓய்வு நாள்) தொடங்கிடும்னு சீக்கிரம் விட்டுடுவாங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்சது தால்முட் கிளாஸ். தால்முட்னா யூத மதச் சட்டங்களையும் அதைப் பத்தின பழைய குருமார்களோட விவாதங்களையும் தொகுத்த நூல். நிறைய ஸ்கூல்ல இந்த வயசுலதான் ஆரம்பிக்கிறாங்க. பக்கத்தைத் திறந்தா நடுவுல மூலம், ஒரு ஓரத்துல 11-ம் நூற்றாண்டுல பிரான்ஸ்ல வாழ்ந்த ராஷியோட உரை, இன்னொரு ஓரத்துல அவருக்குப் பின்னாடி வந்தவங்க உரை, அந்த உரைகளோட எழுத்து வடிவமே வேற. ரெண்டு ரெண்டு பேரா உக்காந்து சத்தமா வாதாடிப் படிப்பாங்க, அதுக்கு ஹவ்ரூத்தான்னு பேரு. பல இடத்துல முதல்ல எடுக்கிறது தொலைஞ்ச பொருள் பத்தின அத்தியாயம். ரோட்டுல சிதறிக் கிடக்கிற காசை எடுத்தவரே வச்சுக்கலாம், பையோட கிடைச்சா ஊரறியச் சொல்லணும், ஏன்னா பையைக் காட்டி உரியவர் அடையாளம் சொல்ல முடியும். 12 வயசுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல லாஜிக் பாடம் இருக்கான்னு தெரியல!

13 வயசுல பார் மிட்ஸ்வா (மதக் கடமைகளுக்குத் தானே பொறுப்பாகிற வயசுக்கு வர்ற சடங்கு) வர்றதால தோராவை ராகத்தோட வாசிக்கவும் இதே வருஷங்கள்ல பழகுவாங்க. மதச் சட்டத்தைக் கண்டிப்பா கடைப்பிடிக்கிற ஆர்த்தடாக்ஸ் பிரிவோட ஸ்கூல்ல தால்முட்டுக்கு நேரம் அதிகம், சில இடத்துல பசங்களுக்கும் பொண்ணுங்களுக்கும் தனித்தனி வகுப்பு.