அண்ணாச்சி, பத்திரத்தை பீரோவில் வையுங்கள்

போன சனிக்கிழமை மகளோடு வந்தீர்கள். ஃபைலைத் திறந்ததும் மேலே இருந்தது வீட்டுப் பத்திர நகல். மதிப்பெண் பட்டியல் அதற்கும் அடியில். அமெரிக்காவில், டல்லாஸில் இருக்கும் மைத்துனர் அவளை அங்கே எம்.எஸ். டேட்டா சயின்ஸ் படிக்க அனுப்பச் சொல்கிறார், வங்கியில் 40 லட்சம் கடன் கேளுங்கள் என்கிறார். தூக்கம் போனது நியாயம்தான். ஆனாலும் ஆறுதல் சொல்ல நான் இதை எழுதவில்லை. அந்தக் கடனை வாங்காதீர்கள்.

பேசிய ஒரு மணி நேரத்தில் பிள்ளை முகம் ஒரே ஒரு தடவைதான் மலர்ந்தது. லேப்டாப்பைத் திறந்து, எம்.ஆர்.ஐ. படத்தில் ஹிப்போகேம்பஸை, அதாவது மூளையில் நினைவாற்றலுக்கான பகுதியை, ஸ்லைஸ் ஸ்லைஸாக மவுஸால் வரைந்து காட்டினாள். "இந்த ஓரம் மட்டும் மங்கலா இருக்கு சார், மூணு தடவை அழிச்சு வரைஞ்சேன்" என்றாள். டல்லாஸ் பேச்சு வந்ததும் தரையைப் பார்த்தாள். நீங்களும் பார்த்தீர்கள்.

பயோமெடிக்கல் படித்தவளுக்கு இந்த வேலை சென்னையிலேயே நடக்கிறது. ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையத்தில் மனித மூளையை மெல்லிய சீவல்களாக வெட்டி, செல் தெரியும் அளவுக்குப் படமெடுத்து, கணினியில் முப்பரிமாணமாக அடுக்குகிறார்கள். கருவிலிருக்கும் சிசுவின் மூளைச் சீவல்கள் 5,132-ஐ 'தரணி' என்ற பெயரில் 2024 டிசம்பரில் உலகுக்கே இலவசமாகத் திறந்துவிட்டார்கள். அவள் இன்றைக்கே அதைப் பார்க்கலாம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் (ஐ.ஐ.எஸ்சி.) கணினி வழி ஆய்வுக்கும் தரவு அறிவியலுக்கும் என்றே தனித் துறை இருக்கிறது.

இந்த இடங்களில் நுழைய ஒரு வாசல் 'புராஜெக்ட் அசோசியேட்' வேலை. பேராசிரியரின் ஆய்வு நிதியில் சம்பளம். இதற்கு நாளிதழை நம்பிப் பயனில்லை. அந்தந்த நிறுவனத்தின் புராஜெக்ட் வேலைவாய்ப்புப் பக்கத்திலும் ஆய்வகங்களின் பக்கத்திலும்தான் தேட வேண்டும். விண்ணப்பிக்கச் சில வாரமே அவகாசம் இருக்கும், அதனால் வாரா வாரம் பார்க்கட்டும். ஒரே கடிதத்தை நாற்பது பேருக்கு அனுப்பினால் யாரும் படிக்க மாட்டார்கள். ஒரு பேராசிரியரின் கட்டுரையைப் படித்துவிட்டு, அந்த ஹிப்போகேம்பஸ் படத்தையும் தான் எழுதிய பைத்தான் நிரலையும் இணைத்து, பத்து வரி எழுதினால் போதும். இப்படிப் படங்களை அலச உதவும் 3டி ஸ்லைசர், இமேஜ்ஜே இரண்டும் இலவச மென்பொருள்தான். கோச்சிங் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

இது ஒப்பந்த வேலை, திட்டம் முடிந்தால் முடிந்தது. அதை மறைக்க மாட்டேன். அதனால் கூடவே பொறியியல் மேற்படிப்புக்கான 'கேட்' நுழைவுத் தேர்வையும் எழுதட்டும். பயோமெடிக்கலுக்குத் தனித் தாள் 2020 முதலே உண்டு. அப்புறம் பிஎச்.டி. இடம் கிடைத்தால், 2023-இல் உயர்த்திய விகிதப்படி ஜே.ஆர்.எஃப். என்கிற இளநிலை ஆய்வாளர் உதவித்தொகையே மாதம் 37,000 ரூபாய். படிக்க அவர்கள் பணம் தருவார்கள், நீங்கள் வீட்டை அடகு வைக்க வேண்டியதில்லை.

மைத்துனரிடம் நானே பேசுகிறேன், நம்பரை அனுப்புங்கள். பிள்ளையின் முதல் பத்து வரி புதன்கிழமைக்குள் எனக்கு வரட்டும், திருத்தித் தருகிறேன்.