டாக்டர் பதில்கள்: விரியன் விஷமும் ரத்தம் உறையறதும்

கேள்வி: எங்க மாமாவ வயல்ல கண்ணாடி விரியன் கடிச்சிடுச்சு. ஆஸ்பத்திரில ரத்தம் எடுத்து ஒரு கண்ணாடி டியூப்ல ஊத்தி வெச்சுட்டு 20 நிமிஷம் இருங்கன்னாங்க. உயிர் போற நேரத்துல இது என்ன கூத்துன்னு சண்டையே போட்டுட்டோம். அது எதுக்கு டாக்டர்? (வாசகர், செஞ்சி)

பதில்: பதட்டத்துல சண்டை வரத்தான் செய்யும், ஆனா அவங்க செஞ்சது ரொம்ப சரி. ரத்தத்த உறைய வைக்கிற புரதங்கள் எப்பவும் நம்ம உடம்புல சுத்திக்கிட்டுதான் இருக்கு, ஆனா சும்மா இருக்கும். வெட்டுப்பட்டா முதல்ல தட்டணுக்கள் ஓடிப்போய் ஓட்டைய அடைக்கும், அப்புறம் ஒரு புரதம் இன்னொண்ண தூண்ட அது அடுத்தத தூண்டன்னு போயி கடைசில த்ராம்பின் வந்து ஃபைப்ரினோஜன ஃபைப்ரின் நூலா மாத்தி வலை பின்னிடும். கண்ணாடி விரியன் விஷம் இந்த வரிசைக்கு நடுவுல பூந்து 5-வது, 10-வது காரணிய (உறைய வைக்கிற புரதங்களுக்கு இப்படித்தான் நம்பர் போட்டிருக்காங்க) நேரடியா தூண்டி விட்டுடும். காயமே இல்லாத இடத்துலயும் உறைய ஆரம்பிச்சு, இருக்கிற ஃபைப்ரினோஜன் பூரா கொஞ்ச நேரத்துலயே காலி. அதுக்கப்புறம் உறையறதுக்கு சரக்கே இல்ல, ஈறுல ரத்தம், யூரின்ல ரத்தம், கிட்னியும் அடி வாங்கும்.

இத கண்டுபிடிக்கத்தான் அந்த டியூப். 2 மில்லி ரத்தத்த சுத்தமான, காஞ்ச கண்ணாடி டியூப்ல விட்டு 20 நிமிஷம் ஆட்டாம அசைக்காம வெச்சு, ஒரே ஒரு தடவ சாய்ச்சுப் பாப்பாங்க. தண்ணியா ஓடுச்சுன்னா விஷமுறிவு மருந்து உடனே ஏத்தணும். டியூபுக்குள்ள கண்ணாடி பட்டாதான் உறையறது சரியா தூண்டப்படும், அதனால பிளாஸ்டிக் டியூப்ல செஞ்சா ரிசல்ட்ட நம்ப முடியாது, சோப்பு போட்டு கழுவின டியூபும் ஏமாத்திடும். மருந்து ஏத்தின பிறகு 6 மணி நேரம் கழிச்சு திரும்ப பாப்பாங்க, கல்லீரல் புதுசா புரதம் செஞ்சு அனுப்ப அவ்வளவு நேரமாவது ஆகும். அந்த மருந்துக்கு வேண்டிய விஷத்த எடுத்துக் குடுக்கிறது யாரு தெரியுமா, சென்னை பக்கத்துல வடநெம்மேலில இருக்கிற இருளர் பழங்குடி மக்களோட பாம்பு பிடிக்கிற கூட்டுறவு சங்கம், 1978-ல ஆரம்பிச்சது. அவங்கள பத்தி நாம பேசுறது ரொம்ப கம்மி.

இனிமே யாருக்காவது கடிச்சா கயிறு கட்டாதீங்க, கீறாதீங்க, வாய வெச்சு உறிஞ்சாதீங்க. மோதிரம், கொலுசு, மெட்டிய கழட்டிட்டு, கடிபட்ட கைகால அசைக்காம கூட்டிட்டு போங்க.

கேள்வி: எனக்கு மூணு தடவ கரு கலைஞ்சிடுச்சு. டாக்டர் எழுதின டெஸ்ட் விரியன் பாம்பு விஷத்துல செய்றதாம்! பயமா இருக்கு. (வாசகி, கரூர்)

பதில்: விஷத்த உங்களுக்கு போட மாட்டாங்கம்மா, உங்க ரத்தத்துலேர்ந்து பிரிச்ச பிளாஸ்மால லேப்ல ஒரு துளி கலப்பாங்க, அவ்வளவுதான். மேல சொன்ன அதே விஷம்தான், 10-வது காரணிய தூண்டுதுல்ல, எத்தன செகண்ட்ல உறையுதுன்னு பாப்பாங்க. சில பேர் உடம்புல தப்பான எதிர்ப்பு புரதங்கள் (ஆன்டிபாடி) உருவாகும், அது இருந்தா டியூப்ல ரத்தம் லேட்டா உறையும், ஆனா வேடிக்கை என்னன்னா உடம்புக்குள்ள நேர் எதிரா கட்டி கட்டியா உறைஞ்சு போகும், கால் ரத்தக் குழாய்லயும் வரலாம், நஞ்சுக்கொடியையும் பாதிச்சு கருவ கலைச்சுடலாம். ஒரு தடவ பாசிட்டிவ்னு வந்ததும் முடிவு பண்ணிடாதீங்க, 12 வாரம் கழிச்சு திரும்ப செஞ்சு அப்பவும் வந்தாதான் உறுதி. உறுதியானா கர்ப்பகாலத்துல சின்ன டோஸ் ஆஸ்பிரினும் ஹெபாரின் ஊசியும் குடுப்பாங்க, நிறைய பேர் குழந்தை பெத்திருக்காங்க, மனச தளர விடாதீங்க.

கேள்வி: அம்மாவுக்கு இதயத்துல செயற்கை வால்வு வெச்சிருக்கு, ரத்தம் உறையாம இருக்க அசிட்ரோம் மாத்திரை சாப்பிடுறாங்க. முருங்கைக்கீரைய தொடவே கூடாதா? (வாசகர், தேனி)

பதில்: தொடலாம். 2, 7, 9, 10-ம் காரணிகள் சரியா உருவாக வைட்டமின் கே வேணும், அசிட்ரோம் அத தடுக்குது, கீரைல அதே வைட்டமின் நிறைய இருக்கு. அதனால ஒரு வாரம் தினமும் கீரை, அடுத்த வாரம் சுத்தமா கிடையாதுன்னு இருந்தாத்தான் ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகுதுன்னு காட்டுற அளவு) ஏறி இறங்கும். வழக்கமா எவ்வளவு சாப்பிடுவாங்களோ அதே அளவு தொடரட்டும். எனக்கு கீரைய விட பயம் மெடிக்கல் ஷாப்ல தானா வாங்கிப் போடுற மூட்டு வலி மாத்திரைதான், அதுல வயித்துல ரத்தக் கசிவே வந்துடும். பல்லு புடுங்கப் போனாலும் அசிட்ரோம் சாப்பிடுறத முன்னாடியே சொல்லிடுங்க, நீங்களா மாத்திரைய நிறுத்திட்டு போகாதீங்க, வால்வுல கட்டி உறைஞ்சா பக்கவாதம் வரைக்கும் போயிடும்.