கோயில் மடத்தில வைக்காதேங்கோ தங்கச்சி

தங்கச்சி, கிளிநொச்சியில கோயில் மடத்தில சத்துணவுச் சமையல் வகுப்பு வைச்சும் மலையகத் தேயிலைத் தோட்டங்களில இருந்து வந்த குடும்பத்து அம்மாக்கள் வருகினமில்லை எண்டு எழுதியிருந்தீங்கள், அது சோம்பல் இல்லை. 1977, 1983 தமிழருக்கு எதிரான கலவரங்களில அடிபட்டு வன்னியில வந்து குடியேறின சனம், இத்தனை வருசத்துக்குப் பிறகும் "தோட்டக்காட்டார்" எண்ட இளக்காரச் சொல்லைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கினம், பிறகு எப்பிடி கோயில் மடத்தில மற்றவையோட ஒரே பானையில கை வைப்பினம்? நானும் ஒருக்கா அப்பிடித்தான் வைச்சன், ஒரு அம்மா கடைசிவரை வாசலிலயே நிண்டிட்டுப் போனா, இப்பவும் மனசு வலிக்குது. அவையின்ர முற்றத்திலயே வையுங்கோ, கூலிவேலை முடிஞ்ச பின்னேரத்தில, முருங்கை இலை, கௌபி, குரக்கன் எண்டு அவை சமைக்கிறதை அவையே செய்து காட்டட்டும். மற்றது, கர்ப்பிணி அம்மாவுக்குக் குடுக்கிற திரிபோஷா சத்துமா வீட்டில பிள்ளையள் எல்லாருக்கும் பங்காகிப் போகும், அதுக்காக அவவைப் பேசிப்போடாதேங்கோ.