வெறும் தேயிலை வரிக்காகவா அமெரிக்கர்கள் பிரிட்டனை எதிர்த்துப் போருக்குப் போனார்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்கிறீர்கள் என்றால் உங்கள் வீட்டிலும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை இருக்கும். என் மகளுக்கு இதில்தான் இரண்டு மார்க் போனது.

'1773ல் தேயிலை விலை குறைந்தது' என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையில் அடித்து 'ஏறியது' என்று திருத்தி வந்தது. சொல்லிக்கொடுத்தவன் நான், பொறுக்குமா? விடைத்தாளோடு பள்ளிக்குப் போனேன். "நோட்ஸில் இருப்பதை எழுதினால் போதும் சார்" என்றார் டீச்சர்.

விலை குறைந்ததுதான் உண்மை. நம்மை ஆண்ட அதே கிழக்கிந்தியக் கம்பெனியிடம் தேயிலை தேங்கிக் கிடந்தது. அதை நேரடியாக அமெரிக்காவில் விற்க, அப்போது அங்கேயும் ஆண்டுகொண்டிருந்த பிரிட்டிஷ் அரசு சலுகை கொடுத்தது. ஒரு பவுண்டு எடைக்கு 3 பென்ஸ் வரியை மட்டும் விடவில்லை. மலிவைக் காட்டி வரியை ஒப்புக்கொள்ள வைக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டுத்தான் பாஸ்டனில் 342 பெட்டிகளைக் கடலில் கொட்டினார்கள்.

அதுவும் போர் இல்லை. 1765ல் பத்திரம், செய்தித்தாள் போன்ற காகிதங்கள் மீது போட்ட முத்திரை வரியைப் புறக்கணிப்பு செய்தே மறு வருடம் வாபஸ் வாங்க வைத்தவர்கள் அவர்கள். நிலைமை மாறியது 1774ல். தேயிலையைக் கொட்டியதற்குத் தண்டனையாக பிரிட்டிஷார் பாஸ்டன் துறைமுகத்தை மூடினார்கள். பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸ் மாகாணத்தில், வருடத்துக்கு ஒன்றுக்கு மேல் ஊர்க்கூட்டம் போட கவர்னர் அனுமதி வேண்டும் என்றார்கள். தேயிலையைப் பற்றிக் கவலைப்படாத விவசாயிக்கும் அப்போதுதான் சுட்டது. செப்டம்பரில் அதே மாகாணத்து வூஸ்டர் ஊரில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு கோர்ட்டையே நடக்கவிடவில்லை. கோர்ட் அதிகாரிகள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, மன்னிப்பு வாசகத்தைத் திரும்பத் திரும்பப் படித்தபடி கூட்டத்தின் நடுவே நடந்தார்கள்.

1775 ஏப்ரல் 19 அன்று பாஸ்டன் பக்கத்து லெக்சிங்டனில் பிரிட்டிஷ் படையோடு மோதி எட்டு அமெரிக்கர்கள் செத்த பிறகும், ஜூலையில் அரசருக்கு சமாதான மனு அனுப்பினார்கள். அவர் அதை வாங்கவே இல்லை. கலகக்காரர்கள் என்று அறிவித்துவிட்டார். சுதந்திரப் பிரகடனம் வந்தது துப்பாக்கி வெடித்துப் பதினான்கு மாதம் கழித்து.

அடிமை வைத்திருந்தவர்களுக்கு என்ன சுதந்திரம் என்று கமெண்டில் வருவீர்கள். நியாயம்தான், ஆனால் இங்கே கேள்வி அது இல்லை. நான் பேராசிரியரும் இல்லை, கடையில் கணக்கு எழுதுகிறவன்.

சரி, அந்த இரண்டு மார்க் வரவே இல்லை. வேன் கட்டணம் மட்டும் அந்த மாதமே ஏறியது, யாரையும் கேட்காமல். பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் இரண்டு நாள் பொங்கினோம். அப்புறம் ஐந்தாம் தேதிக்குள் எல்லோரும் கட்டிவிட்டோம், நானும்தான்.