25 நியூட்டன் மீட்டர் டைரக்ட் டிரைவ் வீல் பேஸ் வாங்கலாமா? வாங்குவதற்கு முன் எதையெல்லாம் சோதித்துப் பார்க்க வேண்டும்?

கேள்வி கேட்டவர் சரவணம்பட்டியில் வாடகை வீட்டில் இருக்கிறார். கணினியில் கார் ரேஸ் ஓட்டும் சிம் ரேசிங்குக்கு, மூன்று வருடமாக மேசையில் மாட்டிய லாஜிடெக் ஜி29 ஸ்டீயரிங் வைத்து ஓட்டுகிறார். எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்று லட்சம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறார். 25 நியூட்டன் மீட்டர் பேஸ் (ஸ்டீயரிங்கைத் தாங்கி, கைக்கு விசை தரும் மோட்டார் பெட்டி) நிஜமாகவே தேவையா, அல்லது அது வெறும் விளம்பர எண்ணா என்று கேட்டிருக்கிறார்.

நான் கோவை கணபதியில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். அப்பா தொடங்கியது. அவர் காலத்தில் கிணற்று மோட்டாரும் பம்புசெட்டும் மட்டும். இப்போது சி.என்.சி. லேத், திருப்பூர் எம்பிராய்டரி மெஷின் ஆகியவற்றின் சர்வோ மோட்டார்களும் (சொன்ன அளவுக்குத் துல்லியமாகச் சுழலும் மோட்டார்) வருகின்றன. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் சிம் ரேசிங். அதனால் இந்தக் கேள்விக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் பதில் சொல்ல முடியும். டைரக்ட் டிரைவ் வீல் பேஸ் என்பது அடிப்படையில் ஒரு சர்வோ மோட்டார்தான். ஜி29இல் மோட்டாருக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவில் பல்சக்கரம் இருக்கிறது, அதற்கு அடுத்த படி வீல்களில் பெல்ட். இதில் நடுவில் ஒன்றும் கிடையாது. மோட்டார் தண்டிலேயே ஸ்டீயரிங் உட்கார்ந்திருக்கும்.

நண்பர் ஒருவர் சிமியூக்யூப் 2 ப்ரோ என்ற டைரக்ட் டிரைவ் பேஸ் வாங்கினார். அவர் வேலை விஷயமாக வெளிநாடு போனபோது ஆறு வாரம் அது என் வீட்டில் இருந்தது. பின்லாந்தின் தாம்பேரே நகரத்து கிரானைட் டிவைசஸ் நிறுவனம் 2019இல் வெளியிட்ட வரிசை அது. ஸ்போர்ட் 17, ப்ரோ 25, அல்டிமேட் 32 நியூட்டன் மீட்டர். அந்த நிறுவனம் முதலில் சர்வோ டிரைவ், அதாவது மோட்டாருக்குக் கரண்ட் கொடுத்துக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி, செய்தவர்கள். ஆர்வலர்கள் சீனத்து மிகே தொழிற்சாலை மோட்டாரையும் இவர்களுடைய டிரைவையும் சேர்த்து வீட்டிலேயே ஸ்டீயரிங் கட்டிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. அந்த வேரிலிருந்து வந்த பொருள் என்பதால் எனக்கு இதன் மேல் கூடுதல் பிரியம்.

முதலில் அந்த 25ஐப் புரிந்துகொள்ளுங்கள். நியூட்டன் மீட்டர் என்பது முறுக்குவிசையின், அதாவது சுழற்றும் விசையின் அளவு. கையில் பிடிக்கும் ஸ்டீயரிங் வளையம், அதாவது ரிம், 30 செ.மீ. விட்டம் என்றால் மையத்திலிருந்து கை பிடிக்கும் இடம் 15 செ.மீ. தூரம். 25ஐ 0.15ஆல் வகுத்தால் சுமார் 167 நியூட்டன். அதாவது ரிம்மின் ஓரத்தில் 17 கிலோ மூட்டையைத் தொங்கவிட்ட இழுப்பு. உங்கள் ஜி29 தருவது இரண்டு நியூட்டன் மீட்டரைச் சற்றுத் தாண்டும், ஒன்றரை கிலோ இழுப்பு. 17 கிலோவை ஒரு மணி நேரம் யாராலும் பிடித்துக்கொண்டு ஓட்ட முடியாது. நானும் பெரும்பாலான நேரம் கைக்கு 12, 13தான் வருகிற மாதிரி வைத்து ஓட்டினேன். அப்படியானால் மீதி எதற்கு?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஒரு பயிற்சி நாளில் ஒற்றை இருக்கை ஃபார்முலா கார் ஓட்டியிருக்கிறேன். கரிவரதன் நினைவாகப் பெயர் வைத்த டிராக் அது. அவர்தான் ஃபார்முலா மாருதி கார்களை வடிவமைத்து இந்த ஊரில் ரேஸிங்குக்கு வித்துப்போட்டவர். 2005இல் இந்தியாவிலிருந்து முதல் ஆளாக ஃபார்முலா 1 ஓட்டிய நரேன் கார்த்திகேயனும் நம் கோவைக்காரர்தான். நான் ஓட்டிய அந்தக் காரில் பவர் ஸ்டீயரிங் கிடையாது. வளைவுக்குள் வேகமாக நுழைய நுழைய ஸ்டீயரிங் கனத்துக்கொண்டே போகும். முன் டயர் பிடி விடப்போகிற நேரத்துக்குச் சற்று முன்னால் அந்தக் கனம் லேசாகக் குறையும். டயர் தன்னை நேராக்கிக்கொள்ளப் பார்க்கும் விசை, பிடிமானம் உச்சம் தொடுவதற்கு முன்பே உச்சம் தொட்டு இறங்க ஆரம்பித்துவிடுவதுதான் காரணம். இந்தச் சின்ன இறக்கத்தைக் கை உணர்ந்தால்தான் ஓட்டுநர் சுதாரிப்பார்.

இப்போது கணக்குப் போடுவோம். ஒரு வளைவில் கேம் 16 நியூட்டன் மீட்டர் கேட்கிறது என்று வையுங்கள். டயர் வழுக்கப்போகும்போது அது 13 ஆகிறது. உங்கள் பேஸ் 8தான் தரும் என்றால், 16ம் 8தான், 13ம் 8தான். கைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. கிளிப்பிங் என்று சொல்வது இதைத்தான். சரி, விசையைப் பாதியாகக் குறைக்கிறீர்கள். இப்போது 8 என்பது 6.5 ஆக இறங்குவது தெரியும். ஆனால் பின் டயர் நழுவத் தொடங்குவதைச் சொல்லும் 0.4 நியூட்டன் மீட்டர் சலனமும் 0.2 ஆகிவிடும். பேரிங் உராய்விலும் மோட்டாரின் சொந்த அதிர்விலும் அது மூழ்கிப்போகும். 25 இருந்தால் இரண்டில் ஒன்றைப் பலி கொடுக்க வேண்டியதில்லை. பெரிய மோட்டாரின் பயன் கை வலிக்க வைப்பது அல்ல, சின்ன விஷயத்தைச் சின்னதாகவே, அழியாமல் கொண்டுவந்து தருவது. பேஸை எடை போடும்போது நான் பார்ப்பது இது ஒன்றைத்தான். மற்ற எல்லாச் சோதனையும் இதற்குக் கீழேதான் வரும்.

இதை எனக்குக் கையில் காட்டியவர் அப்பா. பேஸ் வந்த அன்று ஆன் செய்து காட்டப் போனேன். "கண்ணு, கரண்டை நிறுத்து. முதல்ல வெறுங்கையில சுத்திப் பார்க்கோணும்" என்றார். ரிம்மைக் கழற்றிவிட்டு தண்டின் முனையை இரண்டு விரலில் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒரு சுற்றுக்கு அரை நிமிடம் எடுத்துக்கொண்டு சுற்றினார். "காந்தம் பல்லுல சிக்கவே இல்லடா. நல்லாச் செஞ்சிருக்கான்" என்றார்.

மோட்டாரில் அசையாமல் நிற்கும் ஸ்டேட்டரில் இரும்புப் பற்கள் இருக்கின்றன, சுழலும் ரோட்டரில் காந்தங்கள் இருக்கின்றன. காந்தம் ஒவ்வொரு பல்லுக்கு நேராக வரும்போதும் அங்கேயே நிற்கப் பார்க்கும். அதனால் கைக்குத் தட்டுத் தட்டாகத் தெரியும். அதுதான் காக்கிங். பற்களுக்கு நடுவிலுள்ள ஸ்லாட்டையோ காந்தத்தையோ சற்றுச் சாய்த்து வைத்தால் அது அடங்கும். கரண்ட் இல்லாதபோது சில பேஸ்களில் சுற்றக் கனமாக இருக்கும். வைண்டிங்கின் (செம்புக் கம்பிச் சுருளின்) முனைகளை டிரைவ் ஷார்ட் செய்து வைத்திருந்தால் அப்படி ஆகும், அது குறை அல்ல. மெதுவாகச் சுற்றினால் அந்தக் கனம் போய்விடும், காக்கிங் மட்டும் மிஞ்சும். அதனால்தான் மெதுவாகச் சுற்ற வேண்டும். எந்த விமர்சன வீடியோவிலும் இதைக் கையால் உணர முடியாது. இரண்டு பேஸ்களை அடுத்தடுத்து இப்படிச் சுற்றிப் பாருங்கள். பத்து நிமிடத்தில் உங்கள் விரலே சொல்லிவிடும்.

அப்புறம் ஆன் செய்து, விசையைச் சோதிக்கும் சின்ன மென்பொருள் ஏதாவது ஒன்றில் ஒரு சதவீதம், இரண்டு சதவீதம் என்று ஏற்றிப் பாருங்கள். எந்தச் சதவீதத்தில் ரிம் அசையத் தொடங்குகிறது என்று கவனியுங்கள். எவ்வளவு சீக்கிரம் அசைகிறதோ அவ்வளவு நல்லது. ப்ரோவில் ரிம் ஆரம்பத்திலேயே நகர்ந்தது.

அடுத்தது தொடர்ந்து தாங்கும் விசை. பெட்டியில் போட்டிருப்பது பெரும்பாலும் உச்ச விசை. சில நொடி தருவதும் முக்கால் மணி நேரம் தருவதும் ஒன்றல்ல. முறுக்குவிசையை இரட்டிப்பாக்க வேண்டுமானால் கரண்டையும் ஏறக்குறைய இரட்டிப்பாக்க வேண்டும். அப்போது வைண்டிங்கில் சூடு நான்கு மடங்கு ஆகும். சூடு ஏறினால் செம்பின் மின்தடை கூடும், காந்தத்தின் வலு குறையும், ஒரு கட்டத்தில் டிரைவ் தானாகவே விசையைக் குறைத்துக்கொள்ளும். குளிர் நாட்டில் எடுத்த அளவை நம்பி சித்திரை மாதத்தில் ஏசி இல்லாத அறையில் ஓட்ட முடியாது. நான் செய்தது இது: கொக்கியோடு கூடிய டிஜிட்டல் தராசு ஒன்றை ரிம்மின் பக்கவாட்டில், மையத்திலிருந்து 15 செ.மீ. தூரத்தில் மாட்டி, மறுமுனையை ரிக்கில் (பேஸை மாட்டியிருக்கும் ஃப்ரேமில்) கட்டினேன். மென்பொருளில் சீரான விசை கொடுத்தேன். தராசு 10 கிலோ காட்டினால் அது 14.7 நியூட்டன் மீட்டர். கொஞ்ச நேரம் நிறுத்திவைத்துப் பார்த்தேன். பிறகு நாற்பது நிமிடம் ரேஸ் ஓட்டிவிட்டு, சூடாக இருக்கும்போதே மறுபடி அளந்தேன். இரண்டு எண்ணும் ஒத்துப்போயின. இந்தச் சோதனையின்போது கையோ முகமோ ரிம்முக்கு அருகில் இருக்கக் கூடாது. கயிறு அறுந்தால் ரிம் வெறி பிடித்த மாதிரி சுற்றும்.

விசை எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ப்ரோவில் ஒரு மில்லிசெகண்டில் 8 நியூட்டன் மீட்டர் ஏறும் என்று போட்டிருக்கிறார்கள். நல்ல எண்தான், ஆனால் இதற்காக மட்டும் அதிகப் பணம் கொடுக்காதீர்கள். ஐரேசிங் என்ற ரேஸ் கேம் தன் இயற்பியலை வினாடிக்கு 360 முறை கணக்கிட்டாலும், நெடுங்காலம் ஸ்டீயரிங்குக்கு 60 முறைதான் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது. இரண்டு செய்திகளுக்கு நடுவில் 16 மில்லிசெகண்டுக்கு மேல் இடைவெளி. அந்த இடைவெளியை பேஸின் மென்பொருள் எவ்வளவு அழகாக நிரப்புகிறது என்பதுதான் கையில் தெரிவது. தண்டு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று அளக்கும் என்கோடரின் பிட் கணக்கும் அப்படித்தான். 18 பிட் என்றாலே ஒரு சுற்றுக்கு 2,62,144 படிகள். அதற்கு மேல் கைக்கு வித்தியாசம் தெரியும் என்று நான் நினைக்கவில்லை.

ரிக்கைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் நான்கு நாள் நான் பேஸைத் தப்பாக நினைத்துவிட்டேன். ஒன்றரை இஞ்ச் சதுரக் குழாயில் நானே வெல்டிங் செய்த ஃப்ரேம் அது. ஜி29க்கு மலை மாதிரி நின்றது. இதை மாட்டியதும் எல்லாம் மொழுக்கென்று இருந்தது, டிராக் ஓரத்து மேடான கெர்ப் மேல் ஏறினால் கூடத் தெளிவில்லை. அப்பா ஸ்டீயரிங்கைப் பார்க்காமல் அதைத் தாங்கும் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறை திருப்பும்போதும் அது ஆடியது. மோட்டார் கொடுத்த நுட்பமான அதிர்வையெல்லாம் ஃப்ரேம் குடித்துவிட்டது. ஆட்டோமேஷன் சாமான் விற்கும் கடையில் 40×80 மி.மீ. அலுமினியம் ப்ரொஃபைல் வெட்டி வாங்கி, தூணையும் பேஸ் தட்டையும் மாற்றினேன். வேறு பேஸ் வாங்கிய மாதிரி இருந்தது. இந்த ஊரில் ப்ரொஃபைல் சுலபமாகக் கிடைக்கும், லேசர் கட்டிங்குக்கும் ஆள் இருக்கிறார்கள். மேசையில் கிளாம்ப் போட்டு இந்த வகை பேஸை ஓட்டும் எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

இன்னொரு தொல்லையும் வந்தது. ரேஸ் நடுவில் யூஎஸ்பி துண்டிக்கும், ஸ்டீயரிங் செத்துப்போகும். கேபிளை மாற்றினேன், மின் இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையம் போட்டேன், தீரவில்லை. கடைசியில் பார்த்தால் எங்கள் வீட்டு எர்த் குழி கோடையில் காய்ந்து கிடந்தது. கரியும் உப்பும் புதிதாகப் போட்டு, தண்ணீர் ஊற்றி, ரிக்கின் அலுமினியத்தையும் ஒரு வயரால் எர்த்தில் சேர்த்த பிறகு ஒரு முறைகூடத் துண்டிக்கவில்லை. வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் கேட்டு எலக்ட்ரீஷியனை வைத்து எர்த்தை அளந்துவிடுங்கள். லட்ச ரூபாய் பொருளை எர்த் இல்லாத ப்ளக்கில் சொருகக் கூடாது.

ஓட்டிப் பார்க்கும்போது, மென்பொருளில் ரிம்முக்குச் செயற்கையாகக் கனம் சேர்க்கும் டேம்பிங், ஃப்ரிக்‌ஷன், இனெர்ஷியா மூன்றையும் குறைத்துவிட்டுத் தொடங்குங்கள். கடையில் டெமோ வைத்திருப்பவர்கள் அவற்றை ஏற்றி வைத்திருப்பார்கள். கைக்குக் கனமாக, உயர்ரகமாகத் தோன்றும், ஆனால் டயர் சொல்வது மறைந்துவிடும். நேர்ச்சாலையில் கையை விட்டால் ரிம் இடமும் வலமும் ஆடுவதை வைத்து பேஸை எடை போட வேண்டாம். லேசாகப் பிடித்தாலே நின்றுவிடும், சிறிது டேம்பிங் சேர்த்தாலும் போதும்.

எமர்ஜென்சி ஸ்டாப் பட்டன் கை எட்டும் இடத்தில் இருக்கட்டும். சுவரில் மோதப்போகிறது என்று தெரிந்தால் ரிம்மை விட்டுவிடப் பழகுங்கள், கட்டை விரல் ரிம்மின் ஆரக்காலில் சிக்கினால் மணிக்கட்டு போய்விடும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் ஓட்டி முடித்ததும் மெயினை அணைத்துவிட வேண்டும். எங்கள் வீட்டில் இது கட்டாயம்.

ஆறு வாரத்தில் என் லேப் நேரம் பெரிதாகக் குறையவில்லை. ஆனால் அடுத்தடுத்த லேப்கள் ஒன்றுக்கொன்று நெருங்கி வந்தன, கார் சுழன்று போவது வெகுவாகக் குறைந்தது. பின்பக்கம் நழுவுவதைக் கண்ணுக்கு முன்னால் கை தெரிந்துகொண்டது.

உங்கள் நிலைமைக்கு வருகிறேன். ஜி29இலிருந்து ஒரு நல்ல 12 நியூட்டன் மீட்டர் டைரக்ட் டிரைவுக்குப் போவது பெரிய தாண்டல். மோசா ஆர்12, ஆசெடெக் லா பிரிமா எல்லாம் அந்த அளவுதான். அங்கிருந்து 25க்குப் போவது உண்மையான முன்னேற்றம், ஆனால் சின்ன அடி. மூன்று லட்சத்தில் நானாக இருந்தால் முதலில் ப்ரொஃபைல் ரிக், அடுத்து லோட் செல் பிரேக் பெடல் (மிதிக்கும் அழுத்தத்தை அளப்பது), மிச்சத்தில் பேஸ் என்று போவேன். பிரேக்கில் கால் கற்றுக்கொள்வது அதிகம். அந்த இரண்டும் முடிந்து 25க்குக் காசு மிஞ்சினால் தயங்காமல் வாங்குங்கள், வருத்தப்பட மாட்டீர்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதாக இருந்தால் கஸ்டம்ஸ் செலவோடு சேர்த்து, பழுதானால் திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இவ்வளவு கனமான பெட்டிக்கு அது லேசான தொகை அல்ல.

எதை வாங்குவதாக இருந்தாலும் கடைக்குப் போகும்போது மீட்டர் எதுவும் வேண்டாம். ஆஃப் செய்யச் சொல்லுங்கள், ரிம்மைக் கழற்றச் சொல்லுங்கள், இரண்டு விரலில் மெதுவாகச் சுற்றுங்கள்.