நூறு கிலோமீட்டருக்கு நடுவே ஒன்றரை மணி நேரம்

அன்புள்ள ஐயா,

காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டைக்கு உங்கள் குழு சைக்கிளில் போய், அங்கே மியூசியம் பார்த்துவிட்டு வந்ததைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நானும் இரண்டு வருடமாக நெடுந்தூரம் ஓட்டுகிறேன், குறித்த நேரத்துக்குள் ஓட்டி முடிக்க வேண்டிய 200 கிமீ பிரவேயும் முடித்திருக்கிறேன். நூறு கிலோமீட்டர் ஓட்டும் நாளில், நடுவே ஒன்றரை மணி நேரம் மியூசியத்தில் நின்றால் கால் இறுகிவிடாதா? வேகமாக ஓட்டுகிறவர்களையும் காக்க வைக்க வேண்டியிருக்கிறது. மியூசியத்தை இன்னொரு நாள் பஸ்ஸில் போய்ப் பார்த்துக்கொள்ளலாமே?

சு., தேவகோட்டை

அன்புள்ள சு.,

200 கிமீ பிரவேயை 13 மணி 30 நிமிடத்துக்குள் முடித்தாக வேண்டும். டீக்கடையில் நின்ற நேரமும் அதில் சேரும். அப்படிப் பழகியவருக்கு நிற்பதே உறுத்தலாக இருக்கும், புரிகிறது. கால் இறுகும் என்பதும் உண்மைதான். அதனால் உள்ளே யாரும் உட்காருவதில்லை, நடந்துகொண்டே இருப்போம். கிளம்பியதும் முதல் பத்து நிமிடம் லேசான கியரில் ஓட்டினால் கால் பழைய நிலைக்கு வந்துவிடும். சாப்பாடு எப்போதும் மியூசியத்துக்குப் பிறகுதான், அதுவும் தயிர்சாதத்தோடு சரி.

நேரத்தையும் யோசித்துத்தான் வைத்திருக்கிறோம். மார்கழியில் காற்று வடகிழக்கிலிருந்து வரும். காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டை நேர் வடக்கு, ஆகவே போகும்போது எதிர்காற்று. ஐந்து மணிக்குக் கிளம்பி, கால் புதிதாக இருக்கும்போதே அதைச் சமாளித்துவிடுவோம். முன்னால் ஓட்டுபவர் காற்றை வாங்கிக்கொள்ள, மற்றவர்கள் அவர் பின்சக்கரத்தை ஒட்டி வருவோம். சில நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறும். திரும்பும்போது அதே காற்று முதுகைத் தள்ளும். நடுவில் வெயில் ஏறும் நேரத்துக்கு நிழல் வேண்டும். அந்த நிழலை ஏன் ஒரு புளியமரத்தடியில் வீணாக்க வேண்டும்?

ஆனால் நிழலுக்காக மட்டும் நாங்கள் அங்கே போவதில்லை. பஸ்ஸில் போய்ப் பார்க்கலாமே என்று கேட்டீர்கள். நான் அப்படிப் பலமுறை போயிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போனார்கள், அப்புறம் பிள்ளைகளோடு போனேன். தாழி, சிலை, காசு என்று வரிசையாகப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன், அவ்வளவுதான். சைக்கிளில் போன அன்றுதான் அவை எந்த மண்ணிலிருந்து வந்தவை என்று உறைத்தது.

கானாடுகாத்தானில் பெரிய வீடுகளின் முகப்பு இருட்டில்தான் கடந்து போகும். விடிந்த பிறகு, 1687இல் சேதுபதி கட்டிய திருமயம் கோட்டை தூரத்திலேயே தெரிய ஆரம்பிக்கும். கோட்டையைத் தாண்டிய பிறகு ஒரு லாரிக்கு ஒதுங்கி மண்ணில் இறங்கினோம். செம்புராங்கல் பொடிந்த மண் அது. டயரில் ஒட்டியது, செயின் எண்ணெயோடு குழைந்து கெண்டைக்காலில் அப்பிக்கொண்டது. அந்தக் காலோடுதான் திருக்கோகர்ணத்தில் மியூசியத்துக்குள் நுழைந்தோம். ஷூவின் அடியில் பெடலோடு மாட்டுவதற்கு இருக்கும் கிளீட் தரையில் டக் டக்கென்று அடிக்கும் என்பதால் எல்லாரும் ரப்பர் செருப்புக்கு மாறியிருந்தோம். முதுமக்கள் தாழிக்கு முன்னால் நின்றபோது என் காலைப் பார்த்தேன், தாழியைப் பார்த்தேன். ஒரே சிவப்பு.

எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். எல்லாருக்கும் அவர் டீச்சர்தான். பதினொரு பேரில் மெதுவாக ஓட்டுபவரும் அவர்தான். தாழியைப் பார்த்ததும், "எங்க ஐயா கிணறு வெட்டும்போது இதே மாதிரி ஒண்ணு வந்துச்சு. பயந்துபோய் மண்ணைத் தள்ளி மூடிட்டாங்க" என்றார். மூன்று வருடமாகச் சேர்ந்து ஓட்டுகிறோம், இந்தக் கதையை அவர் அதுவரை சொன்னதில்லை.

வேகமாக ஓட்டுகிறவர்களுக்கு அநியாயம் என்பது போல நினைக்கிறீர்கள். எங்களில் வேகமானவன் ஒரு கல்லூரி மாணவன். திருமயத்துக்கு எங்களைவிட இருபது நிமிடம் முன்னால் போய்ச் சேர்ந்து அலுத்துப்போய் நின்றவன், அம்மன் காசு இருந்த பெட்டியை விட்டு நகரவில்லை. விரல் நுனி அளவுள்ள செப்புக்காசு. ஒரு பக்கம் உட்கார்ந்திருக்கும் திருக்கோகர்ணத்து அம்மன் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய'. புதுக்கோட்டையை ஆண்ட தொண்டைமான்கள் நவராத்திரியில் அரிசியோடு கொடுத்தது. 1948இல் இந்தியாவோடு சேரும்வரை புதுக்கோட்டை தனி சமஸ்தானம் என்பதே அவனுக்கு அன்றுதான் தெரியும். இந்த மியூசியமும் அந்த சமஸ்தானம் 1910இல் தொடங்கியதுதான். வெளியே வந்ததும் அம்மன் கோயில் எங்கே என்று கேட்டான். பக்கத்தில்தான் என்றேன். பாறையைக் குடைந்த கோயிலைச் சுற்றி அவன் பார்த்து முடிக்கும்வரை இந்தத் தடவை நாங்கள் அவனுக்காகக் காத்திருந்தோம்.

திரும்பும்போது அரிமளம், ராயவரம் வழியாக வந்தோம். அவன் டீச்சரை விட்டு முன்னே போகாமல், அவர் வேகத்திலேயே ஓட்டினான். யாரும் சொல்லவில்லை. மாலை காரைக்குடியில் வெள்ளைப் பணியாரம், காரச் சட்னி. இரண்டு தட்டுக்கு மேல் சாப்பிட்டோம்.

ஒரு எச்சரிக்கை. அரசு மியூசியங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அதை மறந்து ஒருமுறை ஆறு பேரை அழைத்துப்போய், பூட்டிய கேட்டைப் பார்த்துத் திரும்பினேன். தப்பு என்னுடையதுதான். இன்றும் அவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

வரும் மார்கழி முதல் ஞாயிறு மறுபடியும் போகிறோம். தேவகோட்டையிலிருந்து விடியற்காலை இருபது கிலோமீட்டர் ஓட்டி வந்து சேருவது சிரமம், முதல் நாள் இரவே வந்து எங்கள் வீட்டில் தங்குங்கள். சைக்கிளுக்கு ஒரு பூட்டும், ஒரு ஜோடி ரப்பர் செருப்பும் கொண்டுவாருங்கள்.